பூமி ஏன் விழாமல் நிற்கிறது? கிரேக்கர்கள் சொன்ன பதில்களில் எனக்குப் பிடிபடாத இரண்டு இடங்கள்

இரவுவானம் எழுதியது:

கொஞ்ச காலமாகப் பழைய கிரேக்கத் தத்துவ ஞானிகளைப் பற்றிப் படித்து வருகிறேன். சாக்ரடீஸுக்கு முந்தையவர்கள், அப்புறம் பிளாட்டோ, அரிஸ்டாட்டில் என்று வரிசையாக. நீதி, அறம் பற்றி அவர்கள் பேசியதைவிட வானத்தையும் பூமியையும் வைத்து ஒருவரோடு ஒருவர் மல்லுக்கட்டியதுதான் என்னைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறது. ஆனால் இரண்டு இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முதலாவது, மிலீட்டஸ் என்ற பழைய கிரேக்க நகரத்து மூவர். தேலீஸ், பூமி தண்ணீரின் மேல் மிதக்கிறது என்கிறார். சரி, துறைமுகத்து ஊர்க்காரர், அப்படித் தோன்றியிருக்கும். அடுத்து அதே ஊரில் வந்த அனாக்சிமாந்தர், பூமியை எதுவுமே தாங்கவில்லை, அந்தரத்தில் அப்படியே நிற்கிறது என்று சொல்லிவிடுகிறார். இது கி.மு. 6ஆம் நூற்றாண்டு! படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்து வருகிறவர் இன்னும் ஒரு படி மேலே போயிருப்பார் என்று ஆசையாகப் பக்கத்தைப் புரட்டினால், அனாக்சிமீனஸ் வந்து பூமி தட்டையானது, காற்றின் மேல் படுத்திருக்கிறது என்கிறார். அவ்வளவு தூரம் போனபிறகு ஏன் திரும்பி வந்தார்கள்?

இரண்டாவது, சாமோஸ் தீவின் அரிஸ்டார்கஸ். கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே சூரியன் நடுவில் நிற்கிறது, பூமிதான் அதைச் சுற்றுகிறது என்றார். அதையே மறுபடி சொன்ன கோப்பர்நிக்கஸின் நூல் வெளிவந்தது 1543இல். இடையில் ஏறத்தாழ 1,800 வருஷம். அத்தனை கெட்டிக்காரர்கள் இருந்த இடத்தில் ஏன் யாரும் காதுகொடுத்துக் கேட்கவில்லை? மதத்துக்குப் பயந்தா, அரிஸ்டாட்டிலின் பெயருக்குப் பயந்தா? "அரிஸ்டாட்டில்தான் அறிவியலை முடக்கிப்போட்டார்" என்று பல இடங்களில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அவரைக் கொஞ்சமாவது நேரடியாகப் படித்தபிறகு எனக்கு அந்த வரி ஒப்பவில்லை.

பழஞ்சுவடி எழுதியது:

முதல் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மூவர் எழுதியது எதுவும் முழுதாக நம் கைக்கு வரவில்லை. அனாக்சிமாந்தரின் சொந்தச் சொற்களாகத் தேறுவது ஓரிரு வரிதான், அதுவும் சிம்ப்ளிசியஸ் என்ற உரையாசிரியர் கி.பி. 6ஆம் நூற்றாண்டில், அதாவது ஆயிரம் வருஷத்துக்கும் மேல் கழித்து, மேற்கோள் காட்டியதால் தப்பியது. மற்றதெல்லாம் அரிஸ்டாட்டிலும் அவருக்குப் பிறகு வந்தவர்களும் "இன்னார் இப்படிச் சொன்னார்" என்று எழுதிவைத்தது. ஆகவே யார் முன்னால் போனார், யார் பின்னால் வந்தார் என்று நாம் போடுகிற கணக்கில் அந்தப் பிற்கால எழுத்தாளர்களின் கையும் இருக்கிறது.

இப்போது தேலீஸின் பதிலைப் பாருங்கள். பூமியைத் தண்ணீர் தாங்குகிறது என்றால், அந்தத் தண்ணீரை எது தாங்குகிறது? இந்தக் கேள்வியை அரிஸ்டாட்டில் எழுத்திலேயே கேட்டிருக்கிறார். எந்தத் தாங்கியைச் சொன்னாலும் அதற்குக் கீழே இன்னொன்று வேண்டியிருக்கும், அது முடியவே முடியாது. அனாக்சிமாந்தர் செய்தது இந்தச் சங்கிலியை ஒரேயடியாக அறுத்தது. பூமி எல்லாவற்றுக்கும் நடுவில் இருக்கிறது, எந்தப் பக்கம் பார்த்தாலும் விளிம்பு ஒரே தூரம், அப்படியிருக்க அது ஒரு பக்கம் போவதற்கு என்ன காரணம் இருக்கிறது? மேலே போகக் காரணம் இல்லை, கீழே போகவும் இல்லை, எதிரெதிர்த் திசைகளில் ஒரே நேரத்தில் போக முடியாது, ஆகவே நிற்கிறது. இதில் அவர் எந்தப் பொருளையும் கண்ணால் பார்த்துச் சொல்லவில்லை. "ஒன்று நடப்பதற்குக் காரணம் இல்லையென்றால் அது நடக்காது" என்ற ஒரே யோசனையைப் பிடித்துக்கொண்டு பூமியை அந்தரத்தில் நிறுத்திவிட்டார். மனித சிந்தனையில் இதற்கு ஈடான துணிச்சல் மிகச் சிலதான் என்பது என் எண்ணம்.

ஆனால் அவருடைய பூமி உருண்டை இல்லை, இதைப் பலர் கவனிப்பதில்லை. அது ஒரு தூணின் துண்டு மாதிரியான உருளை, அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு கனம், மேலே இருக்கிற தட்டையான முகத்தில் நாம் வாழ்கிறோம். அதைச் சுற்றி நெருப்பு நிரம்பிய பெரிய பெரிய சக்கரங்கள், ஒவ்வொன்றையும் மூடுபனி போன்ற ஏதோ ஒன்று போர்த்தியிருக்கிறது. அந்தப் போர்வையில் இருக்கிற துளை வழியாகத் தெரியும் நெருப்பைத்தான் நாம் சூரியன் என்கிறோம். துளை அடைத்துக்கொண்டால் கிரகணம். சூரியனின் சக்கரம் பூமியைப்போல் 27 மடங்கு என்று அவர் சொன்னதாகக் குறிப்பு இருக்கிறது. நட்சத்திரங்கள்தான் நமக்கு மிக அருகில், அப்புறம் நிலா, எல்லாவற்றுக்கும் வெளியே சூரியன் என்பது அவர் வைத்த வரிசை. நமக்கு இது தலைகீழாகத் தோன்றும். ஆனாலும் வானத்துக்கு ஆழம் உண்டு, ஒன்று அருகில் இன்னொன்று தொலைவில் என்று எண்ணிப் பார்த்ததே பெரிய விஷயம், அதோடு அந்தச் சக்கரங்கள் பூமிக்கு அடியிலும் போய்ச் சுற்றி வருகின்றன, பூமிக்குக் கீழேயும் வானம் இருக்கிறது!

சரி, அனாக்சிமீனஸ் ஏன் அதை விட்டார்? என் பார்வையில் அவர் திரும்பி வரவில்லை, அனாக்சிமாந்தரிடம் இருந்த ஓட்டையைப் பார்த்தார். அரிஸ்டாட்டிலே பிற்பாடு அந்த ஓட்டையை எடுத்துக்காட்டுகிறார். வாதம் சாமர்த்தியமானதுதான், ஆனால் உண்மை இல்லை என்கிறார். நடுவில் இருப்பதால் மட்டும் ஒன்று நிற்குமென்றால், அங்கே நெருப்பை வைத்தாலும் அது நிற்க வேண்டும், ஆனால் நெருப்பு வெளியே கிளம்பிவிடுகிறதே. ஒரே அளவு பசியும் ஒரே அளவு தாகமும் உள்ள ஒருவன் சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் சம தூரத்தில் நின்றால் அசையாமலே கிடப்பானா என்றும் கேட்கிறார். ஆக, சமச்சீர் என்பது ஒரு வடிவக் கணக்கு, அது பூமியைப் பிடித்து நிறுத்துமா என்பது சந்தேகம். அனாக்சிமீனஸுக்கு ஒரு பொருள் வேண்டியிருந்தது, நிஜமாக ஒன்றை ஒன்று தாங்குகிற ஒரு வேலை. அகலமான தட்டைப் பரப்பு தனக்குக் கீழே இருக்கிற காற்றைக் கிழிக்காமல் மூடிபோல் அமர்ந்துகொள்ளும், அடைபட்ட காற்று அதைத் தாங்கும் என்ற விளக்கம் அப்படி வந்தது. இதில் அவர் இழந்ததும் உண்டு. சூரியன் இரவில் பூமிக்கு அடியில் போவதில்லை, வடக்கே உயர்ந்த நிலப்பகுதிக்குப் பின்னால் மறைந்து சுற்றி வருகிறது என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஆனால் அந்தக் காற்று விளக்கத்தை அவருக்கு நூறு வருஷம் பின்னால் வந்த அனாக்சகோரஸும் டெமாக்ரிட்டஸும்கூட ஏற்றுக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அவர்கள் சாதாரண மூளைக்காரர்கள் இல்லை.

நிழல்கோல் எழுதியது:

அனாக்சகோரஸ் பெயர் வந்ததால் சொல்கிறேன், உங்கள் "மதத்துக்குப் பயந்தா?" கேள்விக்கு அவரிலிருந்து தொடங்குவதுதான் சரி.

கிளாசோமினியில் பிறந்து ஏதென்ஸுக்கு வந்தவர், ஏதென்ஸின் அரசியல் தலைவர் பெரிக்ளீஸின் நண்பர். சூரியன் தெய்வம் இல்லை, பெலோபொனீஸைவிட (தெற்குக் கிரேக்கத்துத் தீபகற்பம்) பெரிய, கனன்றுகொண்டிருக்கிற ஒரு கல் என்றார். நிலா மண்ணால் ஆனது, அதற்குச் சொந்த ஒளி கிடையாது, சூரியனிடமிருந்து வாங்கித் தருகிறது. நிலா குறுக்கே வந்தால் சூரிய கிரகணம், பூமி குறுக்கே வந்தால் சந்திர கிரகணம். கி.மு. 467 வாக்கில் ஈகோஸ்பொட்டாமி என்ற இடத்தில் பட்டப்பகலில் வானத்திலிருந்து ஒரு பெரிய கல் விழுந்தது. வண்டிப் பாரம் அளவு, எரிந்த நிறம் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார், தன் காலத்திலும் அதை மக்களுக்குக் காட்டினார்கள் என்கிறார். வானத்தில் இருப்பவை கற்கள்தான் என்று சொல்லிக்கொண்டிருந்த ஒருவருக்கு அதைவிடப் பெரிய சாட்சி என்ன வேண்டும்?

அவர்மேல் தெய்வ நிந்தனை வழக்குப் போட்டார்கள். ஏதென்ஸை விட்டு லாம்ப்சக்கஸுக்குப் போய் அங்கேயே இறந்தார். பெரிக்ளீஸின் அரசியல் எதிரிகளின் கையும் அந்த வழக்கில் இருந்தது என்று பழைய நூல்களே சொல்கின்றன, ஆனாலும் குற்றச்சாட்டு என்னவோ வானத்தைப் பற்றியதுதான்.

அதனால் என்ன நடந்தது என்று பாருங்கள். கி.மு. 413, ஆகஸ்ட் 27. சிசிலித் தீவில் சிராக்கூஸை முற்றுகையிடப் போன ஏதென்ஸ் படை தோற்றுப்போய், சத்தமில்லாமல் கப்பலேறித் தப்பிவிடலாம் என்று எல்லாம் தயாராக இருக்கிறது. அந்த இரவு சந்திர கிரகணம். தளபதி நிக்கியாஸ், குறிசொல்பவர்கள் பேச்சைக் கேட்டு மும்முறை ஒன்பது நாள் போகும்வரை கிளம்புவதைப் பற்றிப் பேசவே கூடாது என்று விட்டார். அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் இதை எழுதியிருக்கிறார். அந்தத் தாமதத்தில் எதிரி துறைமுக வாயை அடைத்துவிட்டான். கடைசியில் படை முழுக்க அழிந்தது, பிடிபட்டவர்களைக் கல் குவாரியில் போட்டு வதைத்தார்கள். நிக்கியாஸும் கொல்லப்பட்டார். சந்திர கிரகணத்துக்கான சரியான விளக்கம் அப்போது ஏற்கெனவே ஏதென்ஸில் எழுதப்பட்டிருந்தது! ஆனால் அது ஒரு சிலருக்குள் ரகசியம்போல் மட்டும் உலவியது, பயந்து பயந்து பேசினார்கள் என்று பிற்கால எழுத்தாளர் புளூட்டார்க் அந்த இடத்தில் எழுதுகிறார். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் மனசு கனத்துப்போகும்.

ஆகவே மதத்துக்கு இதில் பங்கே இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அரைநிலா எழுதியது:

நிழல்கோல் சொன்ன வரலாறு எல்லாம் சரி. ஆனால் அரிஸ்டார்கஸ் விஷயத்தில் அது பொருந்துமா என்று பிறகு பேசுவோம். அதற்கு முன் அரிஸ்டாட்டில் என்ன சொன்னார் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதைத் தெரிந்துகொள்ளாமல் அரிஸ்டார்கஸ் எவ்வளவு கடினமான இடத்தில் போய் மோதினார் என்பது விளங்காது.

அவருடைய உலகம் இரண்டாகப் பிரிந்தது, எல்லைக்கோடு நிலா. நிலாவுக்குக் கீழே மண், நீர், காற்று, நெருப்பு. மண்ணும் நீரும் தாமாகவே நடுவை நோக்கி இறங்கும், நெருப்பும் காற்றும் நடுவை விட்டு ஏறும், எல்லாம் நேர்கோட்டில். நிலா தொடங்கி மேலே இருப்பது வேறு ஒரு ஐந்தாவது பொருள், அதன் இயல்பான அசைவு வட்டம், அது பிறப்பதும் இல்லை அழிவதும் இல்லை. இதற்கு அவர் கொடுக்கிற ஆதாரங்களில் ஒன்று, தலைமுறை தலைமுறையாக வந்த பதிவுகளில் வெளி வானத்தில் எந்த மாற்றமும் கண்டதாக இல்லை என்பது. வால்நட்சத்திரம் தோன்றி மறைகிறதே என்றால், அது வானத்துப் பொருளே இல்லை, பூமியிலிருந்து எழும் ஆவி மேல்காற்றில் பற்றி எரிவது என்றார். பால்வீதியையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டார்.

பூமி ஏன் விழவில்லை என்ற கேள்விக்கு இந்த ஏற்பாட்டில் பதில் தானாகவே கிடைத்துவிடுகிறது. "கீழே" என்பதே நடுப்புள்ளிதான். மண் எல்லாம் எல்லாப் பக்கமிருந்தும் அங்கே வந்து நெருக்கிக்கொண்டால் கிடைப்பது உருண்டை, அது ஏற்கெனவே கீழே வந்தாயிற்று, இனி எங்கே விழும்? அனாக்சிமாந்தரிடம் இல்லாமல் போன காரணம் இங்கே இருக்கிறது. தேலீஸின் தண்ணீர், அனாக்சிமீனஸின் காற்று எதுவும் தேவைப்படவில்லை.

அதோடு நிற்காமல் கண்ணால் பார்க்கக்கூடிய சான்றும் தருகிறார். நிலா மாதம் முழுக்கத் தேய்ந்து வளரும்போது அதன் ஒளியின் ஓரம் நேராகவும் இருக்கிறது, வெளியே புடைத்தும் இருக்கிறது, உள்ளே குழிந்தும் இருக்கிறது, ஆனால் கிரகணத்தின்போது மட்டும் நிழலின் ஓரம் எப்போதும் வளைவாகவே விழுகிறது. அந்த நிழல் பூமியுடையது. இன்னொன்று, எகிப்திலும் சைப்ரஸிலும் தெரிகிற சில நட்சத்திரங்கள் வடக்கே போனால் தெரிவதில்லை. கொஞ்சத் தூரம் நடந்தாலே வானம் மாறுகிறது என்றால் பூமி உருண்டை மட்டுமல்ல, ரொம்பப் பெரிய உருண்டையும் இல்லை. சுற்றளவு 4,00,000 ஸ்டேடியா (கிரேக்கர்களின் தூர அளவு) என்று கணித வல்லுநர்கள் சொல்வதாக எழுதுகிறார். அவருக்கு நூறு வருஷம் பின்னால் எரட்டோஸ்தனிஸ், கோடைக்காலத்து நெடும்பகல் நண்பகலில் தெற்கு எகிப்தின் சயீனியில் நிழல் விழாததையும், அதே நேரத்தில் அலெக்ஸாண்ட்ரியாவில் வட்டத்தின் 50இல் ஒரு பங்கு சாய்வு தெரிந்ததையும், இரண்டு ஊருக்கும் இடையே 5,000 ஸ்டேடியா என்பதையும் சேர்த்து 2,50,000 ஸ்டேடியா என்று முடித்தார்.

"அரிஸ்டாட்டில் முடக்கிப்போட்டார்" என்பது எனக்கும் ஒப்பவில்லை. கோள்கள் சில சமயம் நின்று பின்னோக்கி நகர்வதுபோல் தெரிகிறதே, அதை விளக்கக் கணித வல்லுநர் யூடாக்சஸ், வானத்துப் பொருள்களைச் சுமந்து சுழலும் 27 கோளங்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தார். கலிப்பஸ் இன்னும் 7 சேர்த்து 34 ஆக்கினார். அரிஸ்டாட்டில் அவற்றை நிஜமான பொருள்களாக எடுத்துக்கொண்டு, ஒன்றின் சுழற்சி அடுத்ததைக் கெடுக்காமலிருக்க எதிர்க் கோளங்களைச் சேர்த்ததில் கணக்கு 55க்குப் போனது. அதைச் சொல்லிவிட்டு அவரே, இது இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்று உறுதியாகச் சொல்வதை என்னைவிடத் திறமையானவர்களுக்கு விட்டுவிடுகிறேன் என்கிறார். வாயை அடைக்கிறவர் பேசுகிற பேச்சா இது? அவருக்குப் பிறகு வந்தவர்களும் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. செவ்வாயும் வெள்ளியும் ஒருசமயம் பளிச்சென்றும் ஒருசமயம் மங்கியும் தெரிகின்றனவே, எல்லாக் கோளங்களுக்கும் பூமியே நடு என்றால் தூரம் மாறாது, அப்புறம் எப்படி வெளிச்சம் மாறும் என்று கேட்டார்கள். அந்தக் கேள்விதான் அந்த 55 கோளங்களையும் பிற்பாடு கவிழ்த்தது.

இரவுவானம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. பழஞ்சுவடி, சமச்சீர் வாதத்தில் இருக்கிற ஓட்டையை நீங்கள் காட்டியபிறகு அனாக்சிமீனஸை மரியாதையோடு பார்க்கத் தோன்றுகிறது. ஆனால் அரைநிலா, நீங்கள் சொன்னதை வைத்தே கேட்கிறேன். கோளங்களால் செவ்வாயின் வெளிச்சத்தை விளக்க முடியவில்லை என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. பூமியும் செவ்வாயும் சூரியனைச் சுற்றினால் தூரம் கூடிக் குறைவது இயல்பாக வந்துவிடுமே! அப்புறமும் ஏன் அரிஸ்டார்கஸிடம் போகவில்லை?

அரைநிலா எழுதியது:

நல்ல கேள்வி. அரிஸ்டார்கஸ் அதை எழுதிய நூலே நம்மிடம் இல்லை. நமக்குத் தெரிவதெல்லாம் ஆர்க்கிமிடீஸ் மணல் துகள்களை எண்ணுகிற தன் சிறு நூலின் தொடக்கத்தில் சொன்னதுதான். சூரியனும் நட்சத்திரங்களும் அசையாதவை, பூமி சூரியனை வட்டத்தில் சுற்றுகிறது, அந்த வட்டம் முழுவதையும் நட்சத்திரக் கோளத்தோடு ஒப்பிட்டால் ஒரு கோளத்தின் மையப்புள்ளிக்கும் அதன் மேற்பரப்புக்கும் உள்ள விகிதம்தான் என்று அரிஸ்டார்கஸ் கருதினார் என்கிறார். புள்ளிக்கு அளவே கிடையாதே, அப்புறம் விகிதம் எப்படி என்று ஆர்க்கிமிடீஸ் அந்த இடத்திலேயே மடக்குகிறார்.

ஏன் அரிஸ்டார்கஸ் அப்படி ஒரு விபரீதமான விகிதத்தைச் சொல்ல வேண்டியிருந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பூமி அவ்வளவு பெரிய வட்டத்தில் போகிறது என்றால், ஆறு மாத இடைவெளியில் நாம் வட்டத்தின் எதிரெதிர் ஓரங்களிலிருந்து வானத்தைப் பார்க்கிறோம். நட்சத்திரங்கள் ஒன்றைவிட்டு ஒன்று கொஞ்சமாவது விலகியும் நெருங்கியும் தெரிய வேண்டும். தெரியவில்லை. பூமி நகர்ந்தால் நட்சத்திரங்களின் இடத்தில் மாற்றம் தெரியும், அப்படி ஒன்றும் தெரிவதில்லை என்பதை அரிஸ்டாட்டிலும் ஏற்கெனவே எழுதியிருந்தார். ஆகவே பூமி சுற்றுகிறது என்று சொல்கிறவர், நட்சத்திரங்கள் நினைத்துப் பார்க்கவே முடியாத தூரத்தில் இருக்கின்றன என்றும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். அவர் சொன்னார், அது உண்மையும்கூட. ஆனால் அந்த விலகலை ஜெர்மானிய வானியலாளர் பெசல் 61 சிக்னி என்ற நட்சத்திரத்தில் முதன்முதலாக நம்பகமாக அளந்து காட்டியது 1838இல். அது சுமார் மூன்றில் ஒரு விகலை, அதாவது ஒரு பாகையை 3,600 பங்காக்கி, அதில் ஒன்றையும் மூன்றாக வெட்டினால் வருவது. வெறுங்கண்ணுக்கு இது எங்கே எட்டும்? கோப்பர்நிக்கஸிடமும் அந்த ஆதாரம் இல்லை, கலிலியோவிடமும் இல்லை.

அடுத்தது பூமிக்குப் பக்கத்திலேயே இருக்கிற சிக்கல். பூமி சுழன்றால் நேராக மேலே எறிந்த கல் ஏன் எறிந்த இடத்திலேயே விழுகிறது? மேகங்களும் பறவைகளும் ஏன் மேற்கே பின்தங்கிப் போவதில்லை? கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வானியலாளர் தாலமி இதை எழுதும்போது ஒன்றைத் தெளிவாக ஒப்புக்கொள்கிறார், வானத்தில் தெரிவதை மட்டும் வைத்துப் பார்த்தால் பூமி சுழல்கிறது என்ற எளிய ஏற்பாட்டைத் தடுக்க ஒன்றும் இல்லையாம். ஆனால் நம்மைச் சுற்றி, இந்தக் காற்றில் நடப்பதைப் பார்த்தால் அது கொஞ்சமும் பொருந்தாது என்கிறார். அவர் கையில் இருந்த இயக்கவியலை வைத்துப் பார்த்தால் அது நியாயமான ஆட்சேபம். ஓடுகிற ஒன்றின்மேல் இருக்கும் பொருளும் அதே ஓட்டத்தைத் தன்னோடு வைத்துக்கொள்ளும் என்ற கருத்து உறுதியாக வேரூன்ற இன்னும் ஆயிரத்து ஐந்நூறு வருஷம் ஆயிற்று.

செவ்வாய்க்கு வருகிறேன். நீங்கள் சொல்வது சரி, பூமி சுற்றினால் வெளிச்சம் மாறுவது இயல்பாக வரும். ஆனால் பூமியை அசைக்காமலே அதைச் செய்ய இன்னொரு வழியும் கிடைத்துவிட்டது. ஒரு பெரிய வட்டத்தின்மேல் ஒரு சின்ன வட்டத்தை ஓடவிட்டு, கோளைச் சின்ன வட்டத்தில் வைத்தால் அது அருகில் வரும், தள்ளிப் போகும், பின்னோக்கியும் நகரும். இதை வைத்துத் தாலமி எந்த நாளில் எந்தக் கோள் எங்கே இருக்கும் என்று அட்டவணையே போட்டுக் கொடுத்தார். அரிஸ்டார்கஸ் பக்கத்தில் அப்படிப்பட்ட கணக்கு எதுவும் நமக்கு வந்து சேரவில்லை.

அவரை அந்த யோசனைக்குத் தள்ளியது என்னவாக இருக்கும் என்பதற்கு என் ஊகம் ஒன்று. அவருடைய வேறொரு நூல் முழுதாகக் கிடைத்திருக்கிறது, சூரியன், நிலா இவற்றின் அளவையும் தூரத்தையும் பற்றியது. நிலா சரிபாதியாகத் தெரிகிற நேரத்தில் அதற்கும் சூரியனுக்கும் நடுவே நம் கண்ணில் படும் கோணம் 87 பாகை என்று வைத்து, சூரியன் நிலாவைவிட 18 முதல் 20 மடங்கு தூரம் என்று நிறுவினார். உண்மைக் கோணம் 90க்கு மிக மிக அருகில், தூரம் கிட்டத்தட்ட 390 மடங்கு. வடிவியலில் பிசகு இல்லை, எடுத்துக்கொண்ட கோணம்தான் சரியில்லை. அப்படியும் சூரியன் பூமியைவிட ஆறு ஏழு மடங்கு அகலம் என்று முடிவு வந்தது. அவ்வளவு பெரியது இவ்வளவு சின்னதை ஏன் சுற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம்.

இன்னொரு தகவல். அரிஸ்டார்கஸுக்கு ஆசிரியர் ஸ்ட்ராட்டோ என்று பழைய குறிப்பு சொல்கிறது. ஸ்ட்ராட்டோ யார் தெரியுமா? அரிஸ்டாட்டில் தொடங்கிய பள்ளிக்கு அவருக்கும் தியோஃப்ராஸ்டஸுக்கும் பிறகு தலைமை ஏற்றவர். பூமியை அசைத்தவர் அரிஸ்டாட்டிலின் பள்ளி வழியாக வந்தவர்!

நிழல்கோல் எழுதியது:

ஸ்டாயிக் ஞானி கிளியான்தஸை விட்டுவிட்டீர்களே. உலகத்தின் அடுப்பங்கரையை, அதாவது நடுவில் இருக்கிற பூமியை, நகர்த்திய குற்றத்துக்காக அரிஸ்டார்கஸ்மேல் கிரேக்கர்கள் தெய்வ நிந்தனை வழக்குப் போட வேண்டும் என்று அவர் கருதினார். பிளாட்டோவின் சட்டங்கள் பற்றிய நூலின் பத்தாம் பகுதியையும் பாருங்கள், சூரியனும் நிலாவும் வெறும் மண்ணும் கல்லும்தான் என்று இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதை அங்கே எவ்வளவு கடுமையாக எடுத்துக்கொள்கிறார், தெய்வம் இல்லை என்பவர்களுக்குத் தண்டனை வரைக்கும் போகிறார். வானம் தெய்வீகம் என்ற நினைப்பு காற்றில் இருந்தது, அந்தக் காற்றைத்தான் எல்லாரும் சுவாசித்தார்கள்.

பழஞ்சுவடி எழுதியது:

கிளியான்தஸ் சொன்னது நமக்குப் புளூட்டார்க் வழியாக வருகிறது, நிலாவின் முகத்தைப் பற்றிய உரையாடலில் ஒருவர் பேச்சோடு பேச்சாகச் சொல்வது. வழக்கு நடந்தது என்று எங்கேயும் இல்லை. கலிலியோவின் கதையாக அதை ஊதிப் பெருக்க வேண்டியதில்லை, ஆனால் ஒன்றுமில்லை என்று தள்ளவும் வேண்டாம், அந்த அளவில் நிழல்கோலோடு சேர்ந்துகொள்கிறேன். ஆனால் அரிஸ்டார்கஸின் கருத்து மறைந்தும் போகவில்லை. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் செலூசியாவின் செலூக்கஸ் அதை வெறும் ஊகமாக இல்லாமல் உண்மை என்றே சொன்னார் என்று அதே புளூட்டார்க் எழுதுகிறார். கணித வல்லுநர்கள் அந்தக் கருத்தை அறிந்தே இருந்தார்கள், எடைபோட்டார்கள், ஆதாரம் போதவில்லை என்று விட்டார்கள். அதுதான் என் முடிவு.

இந்தத் திரியில் யாரும் தொடாத ஒரு கூட்டம் இருக்கிறது. லியூசிப்பஸ், டெமாக்ரிட்டஸ், பின்னால் எபிகூரஸ். நடு எது என்று மற்றவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்க, இவர்கள் எல்லையே இல்லாத வெளியில் நடுவும் இல்லை விளிம்பும் இல்லை என்றார்கள். உலகங்கள் எண்ணற்றவை, சிலவற்றில் சூரியனும் நிலாவும் இல்லை, சிலவற்றில் நம்முடையதைவிடப் பெரியவை, சில வளர்ந்துகொண்டிருக்கின்றன, சில ஒன்றோடொன்று மோதி அழிகின்றன, சிலவற்றில் உயிரும் செடியும் ஈரமும் கிடையாது என்று டெமாக்ரிட்டஸ் சொன்னதாகக் குறிப்பு இருக்கிறது. பால்வீதி என்பது நெருக்கமாகக் கிடக்கும் சின்னச் சின்ன நட்சத்திரங்களின் ஒளி என்பதும் அவர் கருத்து. இத்தனையும் சொன்ன டெமாக்ரிட்டஸின் பூமி தட்டைதான்! எபிகூரஸோ சூரியன் கண்ணுக்குத் தெரிகிற அளவுதான் இருக்கும் என்றார். உருண்டைப் பூமியைச் சரியாகக் கண்டவர்கள் வானத்தை மூடிய கூடாக்கினார்கள், வானத்தைத் திறந்துவிட்டவர்கள் பூமியைத் தட்டையாகவே வைத்துக்கொண்டார்கள். ஒரே ஆளிடம் இரண்டும் சரியாக இருக்கும் என்று தேடாதீர்கள், யாரிடமும் கிடைக்காது.

இரவுவானம் எழுதியது:

இந்தக் கடைசிப் பத்தி எனக்குப் பெரிய உதவி. யார் வென்றார், யார் தோற்றார் என்றே படித்துக்கொண்டு வந்தேன், இனி யாருக்கு எந்தக் கேள்வி முதன்மையாக இருந்தது என்று பார்த்துக்கொண்டு போகிறேன். மூல நூல்களில் எங்கே தொடங்கலாம்? முழு அரிஸ்டாட்டிலையும் இப்போது என்னால் முடியாது.

அரைநிலா எழுதியது:

முழுதும் வேண்டாம். வானத்தைப் பற்றிய அவருடைய நூலில் இரண்டாம் பகுதியின் 13, 14 அத்தியாயங்கள் மட்டும் முதலில் படியுங்கள். 13இல் தேலீஸ், அனாக்சிமாந்தர், அனாக்சிமீனஸ், நடுவில் பூமி இல்லை நெருப்புதான் இருக்கிறது என்ற பித்தாகரஸ் வழியினர் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி ஒவ்வொருவர் பதிலிலும் எங்கே குறை என்று பேசுகிறார், நீங்கள் கேட்ட முதல் கேள்விக்கான பொருள் பாதி அங்கேதான் இருக்கிறது. 14இல் பூமி உருண்டை என்பதற்கான வாதங்கள், யானைகள் வரைக்கும் வரும். மேற்கே ஹெர்க்குலிஸ் தூண்கள் (இன்றைய ஜிப்ரால்டர் நீரிணை) பக்கமும் யானை, கிழக்கே இந்தியா பக்கமும் யானை, ஆகவே இரண்டு கோடியும் கடலுக்கு அப்பால் தொட்டுக்கொண்டிருக்கலாம் என்று சிலர் நினைப்பது அப்படியொன்றும் நம்ப முடியாதது இல்லை என்கிறார். அதை முடித்துவிட்டு ஆர்க்கிமிடீஸின் மணல் கணக்கின் முதல் இரண்டு பக்கம். அங்கே சந்தேகம் வந்தால் இதே திரியில் எழுதுங்கள், நானும் கையில் வைத்துக்கொண்டு சேர்ந்து படிக்கிறேன்.